பூட்டிய மாடியின் மதிப்பு

வரி அலுவலகத்தில் அவரை எல்லோரும் 'தராசக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். கட்டடத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாலே மதிப்பைச் சொல்லிவிடுவார். நிபுணராக அவர் சாட்சிக் கூண்டில் ஏறினால் எதிர்த்தரப்பு வக்கீல்கள் கேள்விகளைக் குறைத்துக்கொள்வார்கள்.

மூடிக்கிடந்த ஒரு லாட்ஜின் மேல் வழக்கு வந்தது. மேல்தளம் விழுந்துவிட்டது, வரியைக் குறையுங்கள் என்று முதலாளி கேட்டிருந்தார். ஆளாளுக்குப் பாடும் பல்லவிதானே என்று அக்கா காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் போன அன்று மாடிப்படிக் கதவு பூட்டியிருந்தது. சாவி வரும்வரை காத்திருக்கவில்லை. கீழ்த்தளம் கல்லுக்குண்டாட்டம் நின்றது. மாடியும் அப்படியே என்று எழுதிவிட்டார்.

முதலாளி தரப்பு நிபுணரான பொறியாளரோ கட்டடம் ஒன்றுக்கும் உதவாது என்று அடித்துச் சொன்னார். இருவர் கணக்குக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

"வாங்க, நேர்லயே பாத்துடலாம்" என்றார் நீதிபதி.

காவலாளி பூட்டுகளைத் திறக்கத் திறக்க, அக்காதான் முதல் ஆளாக ஏறினார். உச்சித் தளத்தின் கதவைத் தள்ளிக் காலை வைத்தார். தரை இல்லை.

"ஐயோ மேடம்!" பொறியாளர் அவர் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

மேலே வெட்டவெளி. கீழே, உடைந்த காங்கிரீட்டுக்குள் கட்டில்கள் நசுங்கிக் கிடந்தன. இழுத்த பொறியாளரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

நீதிபதி பொறியாளரைப் பார்த்தார். "நீங்க ஏன் இப்படி ஆடிப்போயிட்டீங்க? இத முன்னாடி பாத்ததில்லையா?"

"இல்லங்க... முதலாளி சொன்னாரு. எழுதினேன்."

தீர்ப்பு வந்தது. மனைக்கு அக்கா போட்ட மதிப்பை நீதிபதி ஏற்றுக்கொண்டார். பக்கத்தில் விற்ற மனைகளை அக்கா நேரில் பார்த்து ஒப்பிட்டிருந்தார். கட்டடத்துக்கு அவர் சொன்னது தள்ளுபடி. பொறியாளர் சொன்னதும் தள்ளுபடி. "சொன்னது உண்மையா இருக்கலாம். ஆனா அது அவருக்குத் தெரிஞ்சு சொன்னதில்ல" என்றார் நீதிபதி. கட்டடத்தை மதிப்பிட வேறொருவரை நியமித்தார்.

"ஜெயிச்சியா, தோத்தியா?" வீட்டில் கணவர் கேட்டார்.

"தெரியலங்க." சொந்த வீட்டுப் படியையே கால் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார்.

சில நாள் கழித்துப் பொறியாளர் போன் செய்தார்.

"மேடம், தூக்கம் வருதா?"

"வரல சார். உங்களுக்கு?"

"எனக்கும் இல்ல."