சித்தப்பாவைக் கேட்காத கோர்ட்

சித்தப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன சங்கதி, கிள்ளானில் எங்கள் அடுக்குமாடி முழுவதற்கும் எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. வாட்ஸ்ஆப் குழுவில் வந்துவிட்டதாம். அப்பாவின் தம்பியான அவர் மேருவில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டினார். கல்யாணம் ஆகாதவர் என்பதால் எங்களோடுதான் இருந்தார். தொழிற்சாலைக் கிடங்கில் செம்புக் கம்பி காணாமல் போயிருந்தது. கடைசியாக உள்ளே போய் வந்தது அவருடைய லோரி என்றார்கள்.

எனக்கு அப்போது பத்து வயது. போலீஸ் பிடித்தால் அவன் திருடன், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்த சட்டம். அம்மாவுக்கும் அதற்கு மேல் தெரியாது என்பது, அப்பா ஜாமீன் நின்று சித்தப்பாவை அழைத்துவந்த அன்றே தெரிந்துபோயிற்று. சோறு போட்டார், பேசவில்லை. நகை அலமாரியின் சாவி அன்று முதல் அம்மாவின் கைப்பைக்குள் குடியேறியது.

பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து வந்த வழக்கறிஞர் அக்கா, யாரிடமும் எதுவும் பேச வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லியிருந்தார். திருடினார் என்று சொல்பவர்கள்தான் அதை நிரூபிக்க வேண்டுமாம். நாம் வாயைத் திறக்க வேண்டிய அவசியமே இல்லையாம். சித்தப்பா அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தார், வீட்டிலும்கூட. அதுதான் வினையாகப் போயிற்று. தப்பு செய்யாதவன் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறான் என்று அம்மா என்னிடமே கேட்டார், நான் ஏதோ மாஜிஸ்திரேட் என்பதுபோல.

வழக்கு இழுத்துக்கொண்டே போய், ஒருவழியாக விசாரணை நடந்தது. சாட்சிகள் சொன்னதையெல்லாம் கேட்ட மாஜிஸ்திரேட், இதற்குப் பதில் சொல்லும் அளவுக்குக்கூட வழக்கில் ஒன்றுமில்லை என்று, சித்தப்பாவைப் பேசக் கூப்பிடாமலேயே விடுதலை செய்துவிட்டார். அப்பா லட்டுப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தார். அம்மா அதைத் திறக்கவில்லை.

"அப்போ எடுத்தானா, எடுக்கலையான்னு அவனை யாருமே கேக்கலையா?"

"கேக்க வேணாம்லா. அதான் சட்டம்."

"கோர்ட்டுக்கு அது போதும். எனக்குப் போதாது."

எங்கள் ஆட்களுக்கு மேல்கோர்ட் ஒன்று உண்டு. கோயிலில் சூடம் ஏற்றி, எரிகிற சூடத்தைக் கையால் அணைத்துச் சத்தியம் செய்துவிட்டால் அதற்குமேல் பேச்சில்லை. அந்த வெள்ளிக்கிழமை எல்லோரும் போனோம். அம்மாவே சூடம் ஏற்றினார். சித்தப்பா அதைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்களும் கேக்கிறீங்களா?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சித்தப்பா உள்ளங்கையால் தீயை அணைத்து, "நான் எடுக்கலை" என்றார்.

அம்மா அங்கேயே அழுதுவிட்டார். வீட்டுக்கு வந்ததும் வடை, பாயசம் என்று அமர்க்களப்பட்டது. வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் அவருக்குப் பரிமாறிக்கொண்டே இருந்தார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். சித்தப்பா திருடன் இல்லை!

மறுநாள் காலையில் அவர் துணிமணிகளை எடுத்துக்கொண்டு பூச்சோங்கில் நண்பர் ஒருவரின் அறைக்குக் கிளம்பிவிட்டார். அதான் எல்லாம் தீர்ந்துவிட்டதே என்று அம்மா வாசலில் நின்று பையைப் பிடித்து இழுத்தார். "வரேன் அண்ணி" என்று மட்டும் சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதற்குப் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி வந்தார். சாப்பிட்டார், விருந்தாளிபோல உடனே கிளம்பினார்.

எல்லோரும் நம்பிவிட்ட பிறகு ஒருவர் ஏன் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்பது எனக்கு அன்று விளங்கவேயில்லை.