இரண்டாவது பிரேக்

என் மனைவி ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தபடியே ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். டிரைவிங் ஸ்கூல் கார்களில் கற்றுக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும், பார்த்திருப்பீர்கள். மாணவர் கோட்டை விட்டால் மிதிப்பதற்காக வைத்தது. அவர் கோட்டை விடுவதற்கு முன்பே இவள் மிதித்துவிடுவாள். பள்ளம் இருந்தால் மிதிப்பாள், இருக்குமோ என்று தோன்றினாலும் மிதிப்பாள். ஊரில் அவளுக்கு பிரேக் மேடம் என்று பெயர். நேரில் வெறும் மேடம்தான், பிரேக்கைச் சேர்த்துச் சொல்லும் தைரியம் யாருக்கும் கிடையாது.

அந்தக் கால் வீட்டுக்கு வந்தாலும் ஓயாது. டிவியில் காரைக் கார் துரத்தினால் இவள் சோபாவில் உட்கார்ந்து தரையை மிதிப்பாள். நானும் ஒரு காலத்தில் அவளிடம் ஓட்டக் கற்க வந்தவன்தான். ஒரு மாதம் ஆகியும் வண்டி இரண்டாவது கியரைத் தாண்டவில்லை, பேச்சு மட்டும் டாப் கியரில் போயிற்று. கடைசியில் எனக்கு ஓட்டவும் வரவில்லை, அவளை விட்டுப் போகவும் மனம் வரவில்லை. கல்யாணம் செய்துகொண்டோம். நான் பல் செட் செய்கிறவன். ஊராருக்கெல்லாம் வாய் நிறையப் பல் கட்டிவிடுகிறேன், வீட்டில் என் வாயைத் திறக்க வழியில்லை என்று சொல்லிக்கொள்வேன். அதையும் வெளியில்தான் சொல்வேன்.

போன வருடம் அவள் முழங்கால் மக்கர் செய்தது. டாக்டர் எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீங்க ஃபுட்பால் ஆடுவீங்களா?" என்று கேட்டார். ஒரு முட்டி மட்டும் இப்படித் தேய்ந்து அவர் பார்த்ததே இல்லையாம். பிரேக் மிதிப்பதைக் குறைக்கச் சொன்னார். இவள் கலங்கவில்லை.

"அப்போ முட்டி இருக்கும்போதே மலைக்குப் போயிட்டு வந்துடணும்," என்றாள்.

மலை என்றால் நதிக்கோயில். பனி உருகி ஆறு பிறக்கும் இடத்தில், அந்த ஆற்றையே தாயாக வைத்துக் கும்பிடுகிற கோயில். கருவறையில் சிலை கிடையாது. தரையில் ஒரு திறப்பு, அதன் அடியில் தண்ணீர் ஓடுகிறது, அதுதான் சாமி. ஸ்கூல் ஆரம்பித்த அன்று இவள் வேண்டிக்கொண்டிருந்தாள், தன்னிடம் கற்கிற ஒருவருக்கும் ஒரு சொட்டு ரத்தம் வராமல் பார்த்துக்கொண்டால் நேரில் வந்து முழுகுகிறேன் என்று. தாயும் பார்த்துக்கொண்டாள், இவளும் விடாமல் மிதித்துக்கொண்டிருந்தாள். காப்பாற்றியது யார் என்பது அவர்கள் இருவருக்குள் இருக்கிற விவகாரம்.

எனக்கு அங்கே வேறு விவகாரம் இருந்தது. எங்கள் மகள் அந்த மலையில்தான் ஜீப் ஓட்டுகிறாள்.

ஒரே பெண். வயது இருபத்தாறு ஆனாலும் எங்களுக்குப் பாப்பாதான். லைசென்ஸ் பரீட்சைக்கு அனுப்புவதற்கு முன் இவள் ஒவ்வொரு மாணவரையும் தானே ஓட்டிக் காட்டச் சொல்வாள். இவள் தலையாட்டினால்தான் பரீட்சைக்குப் போகலாம். லாரிக்கும் லாரி மாதிரி இருக்கிற வீட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மளிகைக் கடைக்காரர்கூட இவளிடம் தேறியிருக்கிறார். பாப்பாவை மட்டும் ஏழு தடவை ஓட்டச் சொல்லி, ஏழு தடவையும் "இன்னும் பத்தாது" என்றுவிட்டாள். எட்டாவது தடவை பாப்பா கேட்கவில்லை. எதிர்த்தெரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"நீ ஓட்டற வண்டியில என் உயிர் உள்ள வரைக்கும் ஏறமாட்டேன்," என்றாள் தாய்.

"அப்போ என்னைப் பார்க்கவே முடியாதும்மா. இனிமே நான் வண்டியிலதான் இருப்பேன்," என்றாள் மகள்.

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை. சொன்ன சொல்லை இரண்டு பேரும் மூன்று வருடம் காப்பாற்றினார்கள். வீட்டை விட்டுப் போன பாப்பா எனக்கு மட்டும் போன் செய்வாள். என் கடையில் பல் அச்சு காய்கிற நேரத்தில் பேசிக்கொள்வோம். அன்றைக்கு வீட்டுக்குப் போனால் இவள், "என்ன, முகம் தெளிவா இருக்கு?" என்பாள். நான் ஒன்றுமில்லை என்பேன். ஒன்றுமில்லை என்று சொன்ன நாளெல்லாம் குழம்பில் உப்பு இருக்காது. மகள் எங்கேயோ வண்டி ஓட்டுகிறாள் என்று இவளுக்குத் தெரியும், எந்த மலை என்று மட்டும் தெரியாது. இரண்டு பேரையும் ஒரே வண்டியில் ஏற்றிவிட்டால் என் ஜென்மம் கடைத்தேறிவிடும். ஏறாமல் இவள் திரும்பி நடந்துவிட்டால், என் ஆயுளில் இன்னொரு வாய்ப்பு வராது. இதை நினைத்து நினைத்து, மலைக்குக் கிளம்புகிற வாரம் ஒரு கிழவருக்கு மேல் பல்லைக் கீழ்ப் பல்லாகச் செய்துவிட்டேன்.

பாப்பாவுக்கும் பயம்தான். "நான் வண்டியில இருக்கமாட்டேம்ப்பா, எதிர்ல டீக்கடையில இருக்கேன். நீங்க எதையாவது சொல்லி ஏத்தி உட்கார வைங்க. உட்கார்ந்த பிறகு வர்றேன்," என்று சொல்லியிருந்தாள். அடிவாரம் வரை பஸ்ஸில் போகும்போது வழி நெடுக நான் பொய்களை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றுகூடச் செலவாகவில்லை.

அடிவாரத்தில் ஜீப்புகள் வரிசையாக நின்றன. இவள் கைப்பையை என்னிடம் தந்துவிட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சோதனையில் இறங்கினாள். டயர்களை நகத்தால் கீறிப் பார்த்தாள். ஒரு டிரைவரை ஹேண்ட் பிரேக் போடச் சொல்லிவிட்டு, பின்னால் போய் வண்டியைத் தள்ளினாள். வண்டி நகர்ந்தது. "இது ஜீப் இல்லப்பா, பாடை," என்றாள். அடுத்தவரின் கண் இமையை விலக்கிப் பார்த்துவிட்டு, "உனக்குத் தூக்கம் பத்தலை, போய்ப் படு," என்றாள். முதலில் சிரித்த டிரைவர்கள் பிறகு தங்கள் டயரைத் தாங்களே குனிந்து பார்க்கத் தொடங்கினார்கள். வரிசையின் கடைசிப் பக்கம் போனவள் ஒரு ஜீப்பின் அருகே நின்றாள். முன்சீட்டின் காலடியில் கையை விட்டு எதையோ அமுக்கினாள்.

"என்னங்க, இங்க வாங்க. ரெண்டாவது பிரேக் இருக்கு."

போனேன்.

"டயர் நல்லாருக்கு. கண்ணாடியில ஒரு பொட்டு அழுக்கு இல்ல. யாரோ புத்தியுள்ள பையன் வச்சிருக்கான். இவனைப் பெத்தவங்க குடுத்து வச்சவங்க," என்றாள்.

அது பாப்பாவின் ஜீப். நான் சிரிப்பை அடக்க அவள் கைப்பையைக் கடித்துக்கொண்டேன்.

தானே ஏறி முன்சீட்டில் அமர்ந்ததோடு இவள் நிற்கவில்லை. போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டாள். ஒரு புதுமாப்பிள்ளையும் புதுப்பெண்ணும் ஏறினார்கள். பருத்த உடம்புடன் ஒரு துணிக்கடைக்காரர் ஏறினார். "நம்பி உட்காருங்க, இது நல்ல வண்டி, என் பொறுப்பு," என்று எல்லாரிடமும் சொன்னாள். அப்போதுதான் பாப்பா டீக்கடையிலிருந்து வந்து, சாவியை எடுத்துக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

இவள் மகளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நான் பாதி வெந்துவிட்டேன். இவள் கை கதவுப் பிடிக்குப் போயிற்று.

"ஏம்மா, நீங்கதானே நல்ல வண்டின்னு எங்களை ஏத்துனீங்க?" என்றார் துணிக்கடைக்காரர்.

கை திரும்பி வந்தது. "வண்டி நல்ல வண்டிதான். நான் வண்டியைத்தான் சொன்னேன்," என்றாள். பிறகு யாரோ ஒரு மாணவியிடம் சொல்வது போல, "கண்ணாடியைச் சரி பண்ணு," என்றாள்.

"பண்ணியாச்சு மேடம்," என்றாள் பாப்பா.

வண்டி கிளம்பியது. அந்தப் பாதையை எப்படிச் சொல்ல? ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. ஒன்றுமில்லாததற்கு அடியில், எங்கோ கீழே, நதி. கொண்டை ஊசி வளைவுகளில் துணிக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டார், தெரிந்த சாமிகள் தீர்ந்ததும் கடைப் பங்காளிகளைக் கூப்பிட்டார். புதுப்பெண் ஒவ்வொரு திருப்பத்திலும் புருஷன் மேல் விழுந்தாள். நேரான பாதையிலும் விழுந்தாள். இவள் மிதித்தாள். வளைவு வந்தால் மிதித்தாள், கல் கிடந்தால் மிதித்தாள், எதிரே வண்டியின் சத்தம் கேட்டால் மிதித்தாள். மிதித்த இடத்திலெல்லாம் ஜீப் சொன்ன பேச்சைக் கேட்டு மெதுவாயிற்று. பாதி மலை ஏறுவதற்குள் இவள் முகத்தில் ஒரு களை வந்துவிட்டது.

"பிரேக் நல்லாப் பிடிக்குது," என்று முன்கண்ணாடியிடம் சொன்னாள்.

"மேடம் மிதிச்சா பிடிக்காம இருக்குமா?" என்றாள் பாப்பா.

மேலே போகப் போகக் காற்று மெலிந்தது. எல்லாருக்கும் தலை லேசாகக் கிறுகிறுத்தது. மாப்பிள்ளை காரணமில்லாமல் சிரித்தான், அதைப் பார்த்து நான் சிரித்தேன், நான் ஏன் சிரிக்கிறேன் என்று கேட்டுத் துணிக்கடைக்காரர் சிரித்தார். கோயில் வாசலில் வண்டி நின்றது. இவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மூன்று வருடத்துக்குப் பிறகு மகளிடம் நேராக ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த ரெண்டாவது பிரேக்கைப் போட்டது யாரு? நல்ல வேலைக்காரன்."

"நான்தாம்மா. அது பிரேக் இல்ல. ஏதோ பழைய காரோட பெடல். அடியில ஸ்பிரிங் வச்சுத் தரையோட முடுக்கியிருக்கேன், அவ்வளவுதான். பயப்படறவங்க மிதிச்சுக்கட்டும்னு."

"பொய் சொல்லாத. நான் மிதிச்ச இடத்திலெல்லாம் பிடிச்சுச்சு."

"நானும் அங்கதாம்மா மிதிச்சேன்."

இவள் அப்படியே நின்றாள். "என்னங்க, தலை சுத்துது," என்றாள். நான் தாங்கிப் பிடிப்பதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டாள். அப்படி ஒரு சிரிப்பை நான் கல்யாணம் ஆன புதிதில்கூடப் பார்த்ததில்லை. கண்ணில் நீர் வர, மூச்சு வாங்க, ஜீப்பின் மூக்கில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள். எனக்கு அவளை அங்கேயே இன்னொரு தடவை கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

கருவறைத் திறப்பில் நதியைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு முழுகும் துறைக்குப் போனோம். பாறையில் அடித்த இரும்புச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். தண்ணீர் என்றா சொல்வது அதை? நேற்று வரை பனியாக இருந்தது. நான் கட்டைவிரலை நனைத்ததுமே என் சொந்தப் பற்கள் தாளம் போட்டன. இவள் ஒரு கையால் சங்கிலியையும் மறு கையால் பாப்பாவையும் பிடித்துக்கொண்டு முழுகினாள். எழுந்தாள், மறுபடி முழுகினாள். போதும் என்று பூசாரி சொல்லியும் முழுகினாள். கடைசியில் பாப்பாவையும் சேர்த்து உள்ளே இழுத்துவிட்டாள். இரண்டு பேரும் உதடு நீலம் பூத்து, குழந்தைகள் போல ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை வாரி அடித்துக்கொண்டிருந்தார்கள்.

இறங்கும்போது இவள் வேறு ஆளாகியிருந்தாள். ஈரத்தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, காலைச் சீட்டின் மேல் மடக்கி வைத்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வேகமாப் போலாமே பாப்பா," என்றாள். என் காதை நானே நம்பவில்லை. பாதி வழியில் பனிமூட்டம் இறங்கியது. முதலில் பள்ளம் மறைந்தது, பிறகு பாறை, பிறகு பாதை. பாப்பா அகலமான ஓர் இடமாகப் பார்த்து ஒதுக்கி, எஞ்சினை அணைத்தாள். இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு வந்தாள்.

"ஏன் நிறுத்துற? எனக்கு ரோடு தெரியுது, போ," என்றாள் இவள். தெரியவில்லை. குளிர்ந்த நதியும் மெலிந்த காற்றும் சேர்ந்து பேசின.

"எனக்குத் தெரியலம்மா. தெரியாதப்போ நான் ஓட்டமாட்டேன்."

துணிக்கடைக்காரருக்குக் கீழே பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். "பெரியவங்களே போகச் சொல்றாங்க, அப்புறம் என்ன? இதுக்குத்தான் பொம்பளைப் பிள்ளைங்க கையில வண்டியைக் குடுக்கக் கூடாதுங்கிறது," என்றார்.

இவள் உடம்போடு திரும்பினாள். "ஐயா, நடந்து போறதுன்னா தாராளமா இறங்குங்க. நான் இத்தனை வருஷமா எத்தனையோ பேருக்குக் கத்துக்குடுத்திருக்கேன். எப்படி ஓட்டறதுன்னு எல்லாருக்கும் வந்துச்சு. எப்போ ஓட்டக் கூடாதுன்னு இவ ஒருத்திக்குத்தான் வந்திருக்கு. எனக்கே இப்ப வரல, நீங்க பார்த்தீங்க." அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

ஜீப்பைச் சுற்றிலும் வெள்ளை. எங்கள் மூச்சு கண்ணாடியில் படிந்தது. இவள் அதைத் துடைத்தபடி, யாரையும் பார்க்காமல், சாதாரணமாகச் சொன்னாள்.

"ஏழு தடவையும் நல்லாத்தான் ஓட்டின. முதல் தடவையே நல்லாத்தான் ஓட்டின. சரின்னு சொல்லிட்டா எங்கேயாவது போயிடுவியேன்னு இருந்துச்சு."

"தெரியும்மா," என்றாள் பாப்பா.

எனக்குத் தெரியாது. ஒரே கூரையின் கீழ் இருந்தும் தெரியாது. கடையில் ஒளிந்து ஒளிந்து போன் பேசி, நானே எல்லாம் அறிந்தவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தெரிஞ்சுதான் போனியா?"

"தெரிஞ்சதாலதான் போனேன். இல்லாட்டி உனக்காக எழுபது தடவை ஓட்டிக் காட்டிட்டு அங்கேயே இருந்திருப்பேன்."

இவள் மகளின் தோளில் ஓர் அடி வைத்தாள். பிறகு அதே தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவே சிரிப்பு வந்தது, சிரிப்புக்கு நடுவே விக்கல் வந்தது. பின்சீட்டில் புதுப்பெண்ணும் சேர்ந்து அழுதாள், அவளுக்கு யார் நினைவு வந்ததோ. நான் அழவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பவா போகிறீர்கள்?

பனிமூட்டம் எப்போது விலகியது என்று தெரியவில்லை. பார்க்கும்போது பள்ளமும் பாறையும் தெரிந்தன, கீழே அடிவாரம் வரை பாதை வளைந்து வளைந்து வெயிலில் கிடந்தது. துணிக்கடைக்காரர் அதைப் பார்த்தார், முன்சீட்டைப் பார்த்தார், சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். இவள் தலை இன்னும் மகளின் தோளில் இருந்தது, பாப்பா வண்டியை எடுக்கவில்லை. இவளும் எடுக்கச் சொல்லவில்லை.