சங்குக்கு ஓடிய நாய்

சென்ற வாரம் முத்தியால்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போயிருந்தேன். என் மின்விசிறிக்கு ஒரே ஒரு றெக்கை தேவைப்பட்டது. (ஒற்றை றெக்கைக்காகக் கடை ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்களா என்று நீங்கள் சிரிக்கலாம். இருக்கிறோம்.) றெக்கை கிடைக்கவில்லை. மூலையில் ஒரு சாக்கு நிறைய சைக்கிள் மணிகள் கிடந்தன. குனிந்தபோது துருவும் பழைய எண்ணெயும் கலந்த வாசனை வந்தது.

"மணி என்ன விலை?"

"ஒண்ணு ரெண்டா யாரும்மா வாங்குறாங்க? கிலோ கணக்குதான்," என்றார் கடைக்காரர்.

எனக்கு அது அந்த நாளில் துணி மில் விடும் நேரத்து வாசனை. பஞ்சுத் தூசி ஒட்டிய சட்டைகளும் எண்ணெய் போட்ட சங்கிலிகளுமாக ஒரு தெருவே நகர்ந்து போகும். அந்தக் கூட்டத்தின் நடுவே, வாலை நிமிர்த்திக்கொண்டு, ஜிம்மி.

தேதிகளைப் பிடித்துவைப்பது என் பழக்கம். படித்து முடித்த நாளைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதாமல் அதை மூடமாட்டேன். ஜிம்மி வந்தது 2003இல், புரட்டாசி முடியும் சமயம். நல்ல மழை. அலுவலகம் விட்டு வரும்போது பெரிய வாய்க்கால் ஓரம் கூட்டம். அந்த நாளில் வாய்க்காலின் நாற்றமே வழி சொல்லும். கண்ணை மூடிக்கொண்டு ஊரின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று சொல்லிவிடலாம். சேற்றில் சிக்கிய ஒரு குட்டிநாயைத் துப்புரவுத் தொழிலாளிகள் இருவர் கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரையேறியதும் அது உடம்பை உதறியதில் நின்றவர்கள் எல்லோரும் விலகிப் போனார்கள். நான் கொஞ்சம் மெதுவாக விலகுகிறவள்.

"ஒங்க நாயா?" என்று ஒருவர் கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் கயிறு என் கையில் இருந்தது.

அப்போது முதலியார்பேட்டையில், கடலூர் சாலையை ஒட்டிய ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். முன்கட்டில் வீட்டுக்காரர் கபூர் பாயின் தையல் கடை. ஜிம்மி இரண்டே வாரத்தில் தேறி, கால் முளைத்த காற்றாகிவிட்டது. சும்மா இருக்கத் தெரியாது. கதவைத் திறந்தால் ஓட்டம், மூடினால் கதவோடு மல்லுக்கட்டு. அந்த ஆண்டு தீபாவளியும் ரம்ஜான் நோன்பும் அடுத்தடுத்து வந்தன. பாயின் கடையில் துணி மலைபோல் குவிந்திருந்தது. ஒருநாள் கொடியில் தொங்கிய கல்யாண ரவிக்கை ஒன்றைக் கவ்விக்கொண்டு ஜிம்மி தெருமுனைவரை போய்வந்தது. ரவிக்கை திரும்பி வந்தது, ஒரு கை இல்லாமல்.

"நாய வளக்குறியாம்மா, பேய வளக்குறியா?" என்றார் பாய். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "பெருநாளைக்குள்ள இதுக்கு ஒரு எடம் பாத்துடு. இல்லன்னா ரெண்டு பேரும் சேந்து எடம் பாருங்க."

நாய் வளர்ப்பு பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எல்லாமே விசாலமான இடம் வேண்டும் என்றன. உப்பளம் பகுதியில் தோட்டத்தோடு வீடு வைத்திருந்தார், முசே என்று எல்லோரும் மரியாதையாக அழைக்கும் ஒருவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து ஓய்வு பெற்றவர். மாமரம், கொய்யா, ஆளுயரச் சுவர். இதைவிட நல்ல வீடு ஊரில் எங்கே இருக்கிறது என்று நானே என்னை மெச்சிக்கொண்டு ஜிம்மியை விட்டுவிட்டு வந்தேன்.

மறுவாரம் பார்க்கப் போனேன். சுவரை ஒட்டி, தோட்டத்தைச் சுற்றி, புல் செத்து ஒரு தடம் விழுந்திருந்தது. ஓடி ஓடிப் போட்ட தடம். ஜிம்மி கொய்யா மரத்தில் சங்கிலியோடு கிடந்தது. குரைத்துக் குரைத்துத் தொண்டை கட்டி, வாய் மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை.

"ரெஜிமாந்துல கூட இப்டி ஓட்டம் நான் பாத்ததில்ல மதாம்," என்றார் முசே. "அவுத்து வுட்டா செவுரு ஏறுது. கட்டிப் போட்டா அழுவுது. எனக்கு ராப்பகலா நெஞ்சு படபடங்குது. கூட்டிக்கினு போயிடுங்க."

அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சங்கிலி பட்ட இடத்தில் மஞ்சள் பூசியிருந்தார்.

ஜிம்மியோடு திரும்பி வந்த அன்று மாலை கடலூர் சாலையில் கயிற்றைப் பிடித்தபடி நின்றிருந்தேன். பெருநாள் நெருங்கிவிட்டது. கேட்ட இடமெல்லாம் கைவிரித்துவிட்டார்கள். இனி எங்காவது தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று அலுவலகத்தில் யோசனை சொன்னார்கள். அதை நானும் யோசிக்கத் தொடங்கியிருந்தேன் என்பதுதான் என்னை உறுத்தியது.

அப்போது பக்கத்து மில்லில் சங்கு ஊதியது. மில் கதவு திறந்து சைக்கிள்கள் மணியடித்துக்கொண்டு வெள்ளமாக வந்தன. ஜிம்மி ஒரே துள்ளு. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு போனது. சக்கரங்களுக்கு நடுவே ஓடி, அரியாங்குப்பம் பாலத்துப் பக்கம் மறைந்தது. அந்தச் சாலையில் கடலூர் பேருந்துகள் எப்படி வரும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அன்றிரவு தூங்கவில்லை. காலைச் சங்குக்கு வாசலில் நின்றேன். வந்தது. நடுத்தர வயதுக்காரர் ஒருவரின் சைக்கிளை ஒட்டி, நாக்கைத் தொங்கவிட்டு, அவர் மிதிக்கும் வேகத்துக்குச் சரியாக ஓடி வந்தது. அவர் பெயர் ஏழுமலை. பாலத்துக்கு அந்தப்பக்கம் கிராமம், கொஞ்சம் நிலம், மில்லில் தறி வேலை.

"ஒங்க நாயாம்மா? நேத்து எங்கூடவே வந்துடுச்சு. ரெண்டு வாய் சோத்தத் தின்னுட்டு பொணமாட்டம் தூங்குச்சு. காலைல அதான் என்ன எழுப்புச்சு."

பின்கட்டில் ஒருநாளும் அது அப்படித் தூங்கியதில்லை.

"வீடு வீடா அலைஞ்சியே, அதுவே பாத்துக்கிச்சு பாரு," என்று தையல் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து கபூர் பாய் சொன்னார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "ரோட்டுல வண்டி அடிச்சிடாதா?" என்று ஏழுமலையைக் கேட்டேன்.

"எங்களயும்தான் அடிக்கும். அதுக்குன்னு மில்லுக்குப் போவாம இருக்கமா?"

ஒரு பக்கம் கொய்யா மரத்தடியில் சத்தம் வராத அந்த வாய், இன்னொரு பக்கம் கடலூர் பேருந்து. வேறு இடம் எனக்குத் தெரியவில்லை. சரி என்று தலையாட்டினேன். அதன் பிறகு சில வருடங்கள் காலையில் சங்கு ஊதினால் காப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்துவிடுவேன். சைக்கிள்களுக்கிடையே அந்த வால் தெரிகிறவரை டம்ளரை வாயருகே கொண்டுபோகமாட்டேன். ஷிப்டு முடியும்வரை மில்லின் சைக்கிள் கொட்டகையில் படுத்திருக்குமாம். என்னைப் பார்த்தால் வாலை ஒரு தடவை ஆட்டும், நிற்காது.

பிறகு மில்லில் வேலை சுருங்கியது. சைக்கிள்களும் குறைந்தன. வெள்ளமாக வந்தது ஓடையாகி, ஓடை சொட்டாகியது. ஏழுமலைக்குக் கதிர்காமம் பக்கம் காவலாளி வேலை கிடைத்து, பேருந்தில் போய்வரத் தொடங்கினார். ஆனால் சங்கு ஊதிக்கொண்டுதான் இருந்தது. ஜிம்மி தனியாகவே சங்குக்கு வந்தது. யாரும் இல்லாத சாலையில் யாருக்கோ சரியான வேகத்தில் அது ஓடியதை நான் பார்த்திருக்கிறேன். பார்த்த பிறகு சில நாள் வாசலுக்கே வரவில்லை.

2009இல், பேருந்து நிலையத்தில் ஏழுமலையைச் சந்தித்தேன். ஜிம்மி எப்படி இருக்கிறது என்று கேட்கும்போதே பதிலுக்குப் பயந்தேன்.

"இருக்குதும்மா. சங்கு நின்னதும் ஓட்டமும் நின்னுபோச்சு. வாசல விட்டு எறங்கறதில்ல. கூப்டாலும் வரல." பேருந்து வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நீங்க தேடுனீங்களே, அந்த மாதிரி வீட்டு நாயா ஆயிடுச்சு."

மில் சங்கு கடைசியாக என்று ஊதியது என்று தெரிந்துகொள்ளப் பலரை விசாரித்தேன். பழைய தொழிலாளிகள், தேநீர்க் கடைக்காரர், கபூர் பாயின் மகன். ஆளுக்கொரு மாதம் சொன்னார்கள். தினமும் அதைக் கேட்டு எழுந்த எனக்கும் தெரியவில்லை. மறுநாளும் ஊதும் என்று நினைத்திருந்த சத்தத்தின் தேதியை யார் குறித்துவைப்பார்கள்? தெரியும் என்றால் அது ஜிம்மிக்குத்தான் தெரிந்திருக்கும்.

இரும்புக் கடைச் சாக்கிலிருந்து ஒரு மணியை எடுத்துத் துடைத்து அழுத்தினேன். துருவையும் மீறி நன்றாகவே அடித்தது. எதிரே நின்ற லாரிக்கடியில் ஒரு தெருநாய் தூங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை அடித்துப் பார்த்தேன். அது காதைக்கூட அசைக்கவில்லை.