ஞாயிற்றுக்கிழமை ஒருசந்தி

என் ஓரகத்தி, என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி, அன்றைக்கு நான் வாங்க என்று சொன்னதைக் காதில் வாங்காமல் நேரே அடுப்படிக்குப் போனாள். அடுப்புச் சாம்பலில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லென்று கிடந்திருக்கும். நான் நிலைப்படியிலேயே நின்றுவிட்டேன். அந்தக் கை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர்; வேதக்கார, அதாவது கத்தோலிக்கக் குடும்பம். அந்த வருடம் தவக்காலம் தொடங்கும் முன்பே என் வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. தூக்குவது, துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கு வேன் பிடிப்பது எல்லாம் நான் ஒருத்திதான். திருப்பூரிலிருந்து மகள் போனில், "வரட்டுமாம்மா?" என்று கேட்பாள். வேண்டாம் என்பேன். முடியவில்லை என்று யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். அவருக்குக் கடை இட்லியை வாங்கி ஊட்டிவிடுவேன். எனக்கென்று உலை வைக்க மட்டும் கை எழும்பாது. அரிசிப் பானையைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிடுவேன். கேட்டவர்களிடம் ஒருசந்தி என்றேன். ஒரு வேளை மட்டும் உண்ணும் தவக்கால நோன்பு அது; சொல்லிவிட்டால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள். "இந்த நெலமையிலயும் எம்புட்டு பக்தி பாரு" என்று கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள். எனக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியதை முந்தானையால் மூடிக்கொண்டேன்.

"சாப்டியா?" என்றாள் அவள், கையைத் தட்டிக்கொண்டே.

"ஒருசந்திக்கா."

"ஞாயித்துக்கெழமையா? ஏத்தா, சாமியாரே பூசைய முடிச்சுட்டு இட்லி திங்கப் போயிட்டாரு. ஒனக்குன்னு பாப்பரசரு தனியா சட்டம் போட்டாரா?"

ஞாயிறு ஆண்டவருடைய நாள், அன்று நோன்பில்லை என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குக் கிழமையே தப்பிப்போயிருந்தது.

அவளே அடுப்பைப் பற்றவைத்தாள். ஒரு கை அரிசி, அரைக் கை வறுத்த பாசிப்பருப்பு, நாலு பல் பூண்டு, கொஞ்சம் சீரகம். எல்லாவற்றையும் ஒரே சட்டியில் போட்டுத் தண்ணீரைத் தாராளமாக ஊற்றினாள். குழைந்து வந்தபின் கொல்லையில் ஒடித்த முருங்கைக்கீரையை உருவிப் போட்டு, உப்புப் போட்டு இறக்கினாள்.

"கொழுந்தனுக்கும் இதான், ஒனக்கும் இதான். முடியாதவளுக்கு என்னத்துக்கு ரெண்டு சட்டி?"

முடியாதவள் என்றது சுருக்கென்று தைத்தது. "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன்.

"இரு. யாரு வேணாங்குறா? உக்காந்து இரு."

கிண்ணத்தை வாங்கினேன். வாய்க்குக் கொண்டுபோகும் முன்பே பாதி மடியில் கொட்டிவிட்டது. "முடியலக்கா" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. அவள் மறுபடி ஊற்றிக் கொடுத்தாள். "ஆறுது, குடி."

அவரும் போய்விட்டார், போன வருடம் அவளும் போய்விட்டாள். உடம்பும் மனசும் ஓய்ந்த நாளில் அதே கஞ்சியைத்தான் வைத்துக் குடிக்கிறேன். அதையும் வைக்க முடியாத நாள் இன்றைக்கு வந்துவிட்டது. காலையில் மகள் போனில், "சாப்டியாம்மா?" என்றாள்.

"இல்லத்தா. எந்திரிச்சு ஒலை வைக்க முடியல."

"பஸ் ஏறி வாரேம்மா" என்றாள்.

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.