தண்ணீரின் மேல் நின்ற கோகிலா சிஸ்டர்

வேப்பந்தட்டை ஆய்வகத்தில் சளிப் பரிசோதனைக்கான கண்ணாடித் தகடுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். திருமானூர்ப் பக்கத்தில் நான் முன்பு வேலை பார்த்த சுகாதார நிலையத்தின் மருந்தாளுநர் கைபேசியில் அழைத்தார். "மேடம், நம்ம கோகிலா சிஸ்டர் போயிட்டாங்க" என்றார். "எந்த ஊருக்கு?" என்று கேட்டேன். அங்கே நர்ஸாக இருந்த சிஸ்டருக்கு இடமாறுதல் வரப்போகிறது என்று பல மாதங்களாகப் பேச்சு இருந்தது. "ஊருக்கு இல்ல மேடம்" என்றார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பெரம்பலூர் வந்து, அரியலூர் வந்து, அங்கிருந்து திருமானூர் பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடியும் நேரமாகிவிட்டது. காலையில் வேலைக்குப் புறப்பட்டவர், தலை வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அவ்வளவுதான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்துவிட்டது என்றார் எங்கள் டாக்டர். நாற்பத்திரண்டு வயது. அவருடைய அப்பாவும் ரத்தக்கொதிப்பில் இதேபோல் போனவர்தான். ஆனால் பந்தலுக்கு வெளியே நின்றவர்கள், "ஏரியில பட்டத்தக் கட்டிக்கிட்டு ஆடுனாங்கல்ல, அதான் உசுர வாங்கிருச்சு" என்று பேசிக்கொண்டார்கள். அது என் காதில் விழுந்தது. அவர் கையால் ஊசி போட்டுக்கொண்டவர்களும், அவருடன் வேலை பார்த்தவர்களும் இதைப் படிப்பீர்கள். அந்தப் பட்டத்தின் கதையைப் பக்கத்திலேயே நின்று பார்த்தவள் நான். அதை உள்ளபடி சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

2004 ஆனி மாதம் ஓமானிலிருந்து விடுமுறையில் வந்த அவருடைய தம்பி செந்தில்தான் அதைக் கொண்டுவந்தார். அவருக்குக் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வேலை. தங்க வந்த யாரோ ஒருவர் இனி வேண்டாம் என்று விட்டுப்போன பட்டம் அது. விரித்தால் ஒரு டிராக்டர் டிரெய்லரையே மூடிவிடும். அதன் முன்விளிம்பில் தொடைப் பருமனுக்கு ஒரு குழாய்; பம்பால் காற்றடித்தால் வில்போல் விறைத்து நிற்கும். அதிலிருந்து வரும் நான்கு கயிறுகளும் ஒரு பிடிகோலில் சேரும், ஒவ்வொன்றும் தென்னை மரத்தைவிட நீளம். கோலை இடுப்பு பெல்ட்டின் கொக்கியில் மாட்டி, ஒரு பலகையில் கால்களைச் செருகிக்கொண்டால், காற்று ஆளைத் தண்ணீரின் மேல் இழுத்துப் போகும். கைட் போர்டிங் என்று பெயர். செந்தில் அங்கே பார்த்திருந்தாரே தவிரச் செய்ததில்லை. எங்கள் ஏரியில் அந்த வருடம் தண்ணீரும் இல்லை. காய்ந்த ஏரிக்குள் ஒரு நாள் பறக்கவிட்டுப் பார்த்தார். அது அவரைக் குப்புறத் தள்ளி இழுத்ததில் தோள்பட்டை பிசகி, கட்டுப் போட்டுக்கொண்டே விமானம் ஏறினார்.

பட்டம் கோகிலா சிஸ்டர் வீட்டில் கிடந்தது. அவருக்கு அப்போது முப்பத்தொன்பது. கணவர் முருகேசன் அண்ணன் கரும்பு விவசாயி. மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் மதியம் சாப்பிடும்போது சிஸ்டர் சாதாரணமாகச் சொன்னார்: "இந்திரா, அவ்ளோ தூரம் கடல் தாண்டி வந்த சாமான். அத எலி கடிக்க விடறதா? நான் கத்துக்கலாம்னு இருக்கேன்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

தம்பி ஒரு விசிடியும் வைத்துவிட்டுப் போயிருந்தார். அதை என் வீட்டு டிவியில்தான் போட்டுப் பார்த்தோம். அதில் பேசிய ஆங்கிலம் எங்கள் இருவருக்கும் பாதிக்குமேல் புரியவில்லை. ஆனால் வானத்தை ஒரு கடிகாரமாக நினைத்துக்கொள்ளச் சொன்னது புரிந்தது. தலைக்கு நேர்மேலே பட்டம் நின்றால் பன்னிரண்டு மணி. அங்கே இழுப்பு குறைவு. பக்கவாட்டில் இறக்க இறக்க இழுப்பு கூடும். சிஸ்டர் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒரு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் கடிகாரம் வரைந்துகொண்டார்.

அந்த ஆடி முழுவதும் வேலை முடிந்ததும் காய்ந்த ஏரிக்குப் போனோம். சிஸ்டருக்குச் சுடிதார், அதற்கு மேல் அண்ணனுடைய முழுக்கைச் சட்டை, தலையில் மொபெட் ஓட்டும்போது போடும் ஹெல்மெட். என் வேலை, காற்று வரும் திசைக்குப் பக்கவாட்டில் தள்ளி நின்று பட்டத்தின் விளிம்பைப் பிடித்திருப்பது. அவர் கையைத் தலைக்கு மேல் தூக்கினால் விட வேண்டும். பிறகு அவர் அதைப் பன்னிரண்டு மணியில் நிறுத்தப் பார்ப்பார். அது நிற்காது; மண்ணில் மோதும், அவரையும் மோத வைக்கும். முழங்கால் இரண்டிலும் தோல் பெயர்ந்துவிட்டது. மாடு ஓட்டி வந்தவர்களும் சுள்ளி பொறுக்க வந்த பெண்களும் கரைமேல் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. அவர் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து, "சிரிக்கட்டும் விடு. நம்மளப் பாத்தாலே ஊசின்னு அழுவற ஜனம். ஒரு நாளாச்சும் சிரிக்கட்டுமே" என்றார்.

ஆவணி முடிவதற்குள் பட்டம் அவர் சொன்னபடி நின்றது. கண்ணை மூடிக்கொண்டு அதை ஒரே இடத்தில் நிறுத்திக் காட்டினார். கயிற்றில் வரும் அசைவு விரலுக்குத் தெரிகிறது என்றார். நாடி பார்த்துப் பழகிய விரல்.

அடுத்த ஆண்டு வாய்க்காலில் தண்ணீர் வந்து ஏரி நிறைந்தது. அந்த ஆடியில்தான் நான் அந்தத் தவறைச் செய்தேன்.

மேற்கே இடுப்பளவு தண்ணீர் உள்ள ஓரத்தில் அவர் நின்றார். எனக்கும் அவருக்கும் நடுவே கயிற்றின் நீளம். பேசினால் கேட்காது. காற்று திடீர் திடீரென்று ஓங்கியது. பட்டம் என் கையைப் பிடுங்கிக்கொண்டு போகத் துடித்தது, மணிக்கட்டு வலித்தது. கயிறுகளில் இரண்டு முறுக்கியிருந்ததை அவர் அப்போதுதான் கவனித்திருக்கிறார். குனிந்து பார்த்தவர், முகத்தில் ஒட்டிய முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினார். நான் பட்டத்தை விட்டுவிட்டேன்.

அது மேலே போகவில்லை. ஒரு பக்கமாகச் சுழன்று விழுந்து, விழுந்த வேகத்தில் அவரைத் தூக்கி வீசியது. தண்ணீர் கிழிந்தது எனக்குத் தெரிந்தது; ஆள் தெரியவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "ஐயய்யோ, நர்சம்மாவ இழுத்துக்கிட்டுப் போவுது!" என்று கத்தினாள். மதகுக் கல்லில் மோதிய பிறகுதான் அவர் நின்றார். பட்டம் கருவேல மரத்தில் சிக்கியிருந்தது. நாங்கள் ஓடிப்போய்த் தூக்கினோம். இடது காறை எலும்பு முறிந்து தோலுக்கடியில் துருத்திக்கொண்டிருந்தது.

அரியலூருக்குப் போகும் ஜீப்பில் நான் அழுதுகொண்டே வந்தேன். வலியில் அவர் உதடு வெளுத்திருந்தது. "இந்திரா, நான் கையத் தூக்குனேன். நீ விட்ட. தூக்குனா விடணும்னுதானே பேச்சு. அந்த சைகை சரியில்ல, மாத்திக்கலாம்" என்றார். டாக்டர் கேட்டபோதும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னார். எனக்காகப் பொய் சொல்லவில்லை. என்னைக் குற்றவாளியாக்கவும் இல்லை. என்ன நடந்ததோ அதைச் சொன்னார். அந்த நேர்மை எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

அதன்பிறகு ஏறக்குறைய ஒரு வருடம் நான் அவரைத் தவிர்த்தேன். ரத்த மாதிரிகளைக் கொண்டுவந்தால் தலை நிமிராமல் வாங்கிக்கொள்வேன். சாப்பாட்டு நேரத்தில் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன். பட்டத்தின் கிழிசலை எல்லாம் சிஸ்டர் ஒட்டி முடித்துவிட்டார் என்று மருந்தாளுநர் சொன்னபோது, என்னைத் தவிர யாரையோ பழக்கிக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அதில் எனக்கு நிம்மதியும் வருத்தமும் சேர்ந்து இருந்தன.

2006 ஆனிக் கடைசியில் ஒரு நாள் ஆய்வகத்துக்குள் வந்து கதவருகே நின்றார்.

"காத்து வந்துருச்சு. சாயங்காலம் வரியா?"

"என்னால முடியாதுக்கா. வேற யாரையாச்சும் கூட்டிக்குங்க."

"வேற யாரு? தப்பா விட்டா என்ன ஆவும்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீதான். எனக்கு அந்த ஆளுதான் வேணும்."

நிலையத்தில் சிஸ்டர், ஏரிக்குப் போனால் அக்கா; அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அன்று ஆய்வகத்திலேயே அக்கா என்று வந்துவிட்டது. சாயங்காலம் போனேன். புதிய சைகை, இரண்டு கைகளாலும் தலையைத் தொட வேண்டும்; நானும் திருப்பித் தலையசைக்க வேண்டும்; அதற்குப் பிறகுதான் விடுவது. தூக்கிய பட்டத்தை மறுபடி கீழே வைத்துவிட்டு, நான்கு கயிறுகளிலும் முறுக்கு இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். அவர் அவசரப்படவில்லை. நான் பார்த்து முடிக்கும் வரை தண்ணீரில் நின்றார். பிறகு இரண்டு கைகளையும் தலையில் வைத்தார்.

அன்று அவரால் எழ முடியவில்லை. அடுத்த நாளும் இல்லை. தண்ணீரில் மல்லாந்து பலகையில் காலைச் செருகிக்கொள்வார், பட்டத்தைப் பக்கவாட்டில் இறக்குவார், அது இழுக்கும், எழப் பார்ப்பார், பலகை ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். ஒவ்வொரு முயற்சிக்கும் காற்று அவரைக் கிழக்கே கரைப்பக்கம் தள்ளிக்கொண்டு போய்விடும். பட்டத்தைச் சுருட்டி, பலகையை அக்குளில் இடுக்கி, ஏரியைச் சுற்றி நடந்து மறுபடி மேற்கே வருவோம். ஒரு மாலையில் இரண்டு முயற்சிகள் செய்தால் பெரிது.

எத்தனையாவது நாள் என்று நினைவில்லை. வானம் வெளுத்துக் கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. பட்டம் இறங்கியது. இந்த முறை அவர் எழ முயற்சி செய்யவே இல்லை. உட்கார்ந்தபடியே விட்டுக்கொடுத்தார், காற்று அவரை எழுப்பியது. முழங்கால் மடங்கி, முதுகு பின்னே சாய்ந்து, கை இரண்டும் நீண்டு, அவர் தண்ணீரின் மேல் நின்றார். நின்றபடியே போனார். பலகைக்குக் கீழே தண்ணீர் உரசும் சரசரப்பு தவிர ஏரியில் வேறு சத்தமில்லை. துவைக்கும் பெண்கள் கையில் துணியோடு நிமிர்ந்தார்கள். எருமை ஓட்டி வந்த பெரியவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். ஏன் கட்டினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஒரு மனுஷி, இரண்டு வேளை சமைத்து, நாற்பது குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டு, மொபெட்டில் கிராமம் கிராமமாகப் போய்வரும் ஒரு மனுஷி, எந்த இயந்திரமும் இல்லாமல் எங்கள் ஏரியின் மேல் ஒரு கோடு இழுத்துக்கொண்டு போனார். நான் படித்த எந்தப் பாடமும் அந்த நேரத்தில் எனக்குத் துணைக்கு வரவில்லை.

திரும்பத் தெரியாததால் அப்பால் நாணலுக்குள் போய் விழுந்தார். நாங்கள் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். முகம் ஒரு மாதிரி அமைதியாக இருந்தது. "இந்திரா, நான் ஒண்ணுமே செய்யல. சும்மா சாஞ்சேன். அது தூக்கிருச்சு" என்றார், தனக்கே நம்பிக்கையில்லாத குரலில்.

ஆவணிக்குள் திசை திரும்பவும் கற்றுக்கொண்டார். காற்றுக்குக் கொஞ்சம் எதிராகச் சாய்ந்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்த அன்று, ஏரியைச் சுற்றி நடக்கும் வேலை தீர்ந்தது. என்னையும் விடவில்லை. பெல்ட்டை என் இடுப்பில் மாட்டி, "தண்ணியப் பாக்காத, போற எடத்தப் பாரு" என்று சொல்லிவிட்டு, விளிம்பைப் பிடித்துக்கொள்ள அவர் போனார். நான் விழுந்த கணக்கு எனக்கே தெரியாது. ஒரே ஒரு முறை, பத்து மூச்சு நேரம் இருக்கும், நின்றேன். மறு மாசியில் எனக்கு வேப்பந்தட்டைக்கு மாறுதல் வந்தது. இந்த ஆடியில் நான் அங்கே இல்லை. மருந்தாளுநரைப் பழக்கிக்கொண்டு அக்கா வாரம் தவறாமல் ஏரிக்குப் போனாராம். ஒரு நாளும் அவருக்கு மூச்சிரைத்ததில்லை என்று மருந்தாளுநர் சொல்கிறார். அந்தப் பட்டம் அவர் உயிரை வாங்கிவிடவில்லை. அவருக்குக் கிடைத்த வருடங்களில் நாம் பார்க்காத ஓர் உயரத்தை அது கொடுத்தது.

காரியத்துக்குப் போயிருந்தேன். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு முருகேசன் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அக்காவுக்கு எலும்பு முறிந்த நாளிலிருந்து அவர் ஏரிப்பக்கமே வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும். வேண்டாம் என்றும் சொன்னதில்லை, வந்தும் பார்த்ததில்லை.

"தங்கச்சி, அவ தண்ணி மேல எப்படி நிப்பா? பயந்துக்கிட்டு நான் ஒரு நாளும் பாக்கல. ஊரே பாத்துச்சு."

வாயால் சொல்லிப் பார்த்தேன். அவருக்குப் பிடிபடவில்லை. எழுந்தேன். உறவுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முற்றத்தின் நடுவில் முழங்காலை மடக்கி, இல்லாத பிடிகோலை இரண்டு கைகளாலும் பிடித்து, முதுகைப் பின்னே சாய்த்து நின்றேன். கோகிலா அக்காவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இதுதான்: கண்ணுக்குத் தெரியாத ஒன்று தாங்கும் என்று நம்பிச் சாய்கிற இந்த நிலை. தன்னை ஒருமுறை கல்லில் மோத வைத்த கையிடமே மறுபடியும் பட்டத்தைக் கொடுத்தபோது, கரையில் நின்றுகொண்டே அவர் அப்படித்தான் சாய்ந்திருக்கிறார்.

அண்ணன் கண்ணெடுக்காமல் பார்த்தார்.

"இவ்ளோதான் சாயணுமா?"

"இல்லண்ணே. அக்கா இன்னும் சாய்வாங்க."