இறந்தவர் வரிசையில் என் பெயர்

ஞாயிறு காலை ஏழு பத்துக்கு மாதா கோயிலுக்குள் நுழைந்தபோது முதலில் கண்ணில் பட்டது, பீடத்தருகே நின்ற உபதேசியார் கையிலிருந்த மன்றாட்டுச் சீட்டுகள். பெங்களூரு காக்ஸ் டவுனில் ஒன்பது ஆண்டுகளாக அதே கோயிலுக்குத்தான் போகிறேன். பூசை தொடங்கிய பிறகு நுழைவேன், முடிவதற்குள் கிளம்பிவிடுவேன். விசுவாசம் எனக்கும் கடவுளுக்கும் இடையிலானது, அதில் மற்றவரோடு பேச ஒன்றுமில்லை என்பது என் கொள்கை.

அன்று எனக்கு அறுபத்தைந்து வயது நிறைந்தது. நன்றி மன்றாட்டுக்காக முந்தின வாரமே ஒரு சீட்டில் பெயரை மட்டும் எழுதிப் பெட்டியில் போட்டிருந்தேன். காரணம் கடவுளுக்குத் தெரியும் என்று விட்டுவிட்டேன்.

"மரித்த நம் சகோதரர் மரிய தேவராஜின் ஆன்மா இளைப்பாற மன்றாடுவோம்" என்று உபதேசியார் வாசித்தார். எல்லோரும் பதில் சொன்னார்கள். பழக்கத்தில் நானும் சொல்லிவிட்டேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்திலிருந்த அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, "பாவம், யாருங்க அது?" என்று என்னிடமே கேட்டார்.

"நான்தாங்க."

"அய்யோ ஏசுவே!" என்று என் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். "சூடாத்தான் இருக்கு."

பூசை முடிந்ததும் உபதேசியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் பதறிப்போனார். "சாரி சார். பேரு மட்டும் இருந்தா செத்தவங்கன்னு எடுத்துப்போம். உங்கள இங்க யாருக்கு சார் தெரியும்?"

இப்போது சீட்டில் காரணத்தையும் எழுதுகிறேன். கடைசிப் பாட்டு முடியும்வரை இருந்து, பக்கத்தில் இருப்பவரிடம் பெயர் கேட்கிறேன். அந்த அம்மாவின் பெயர் ஸ்டெல்லா. என் வீட்டிலிருந்து நான்காவது வீட்டில் குடியிருக்கிறார்.