மண்டபத்துக்குப் போன கை மிஷின்

போன தை மாதம், ஒரு முகூர்த்த நாள். காலை ஐந்து ஐம்பதுக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஒரு ஜாக்கெட். அரக்கு நிறப் பட்டு, கைகளில் ஜரிகை வேலைப்பாடு. அதை இரண்டு கைகளிலும் ஏந்தியபடி நின்றவருக்கு ஐம்பது வயது இருக்கும். புது வேட்டி, செருப்பில்லாத கால். எனக்கு முன்பின் தெரியாதவர்.

“சார், உங்க வூட்ல தூக்கினு போற மாதிரி தையல் மிஷின் இருக்குதாமே? டீக்கடைல சொன்னாங்க.”

செஞ்சியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குப் பின்தெருவில் இருக்கிறது என் வீடு. டீக்கடைக்காரர் சொன்னதும் சரிதான். என்னிடம் ஒரு பழைய கை மிஷின் இருக்கிறது. வளைந்த மர மூடி, தூக்குவதற்கு மேலே ஒரு பிடி, கறுப்பு உடலில் பொன் நிறக் கொடிகள். மிதி கிடையாது, வலப்பக்கக் கைப்பிடியைச் சுற்றித்தான் தைக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு முன் திண்டிவனம் சாலையில் ஒரு பழைய இரும்புக் கடையில், உடைக்கப் போட்டிருந்த குவியலிலிருந்து மீட்டது. மண்ணெண்ணெய் தொட்டுத் துருவை எடுத்தேன். புது ஊசி போட்டேன். ஞாயிறுதோறும் வாசலில் வைத்துத் துடைத்து, பதினொரு துளைகளில் எண்ணெய் விடுவேன். வேறு யாரையும் அதைத் தொட விட்டதில்லை.

வந்தவர் மணப்பெண்ணின் சித்தப்பா. பெண் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை செய்கிறாள். லீவு கிடைக்காததால், அனந்தபுரத்தில் இருக்கும் அவள் அம்மாதான் டெய்லரிடம் அளவு ஜாக்கெட் கொடுத்திருக்கிறார். ஆனால் அது பெண்ணின் தங்கையுடைய ஜாக்கெட். அதிகாலையில் போட்டுப் பார்த்தபோது கொக்கிகள் எட்டவில்லை. டெய்லரின் போன் அணைந்து கிடக்கிறது. பக்கத்துத் தெருவில் மிதி மிஷின் உள்ள வீடு உண்டு. ஆனால் நலங்கு வைத்த பெண் மண்டபத்து வாசலைத் தாண்டக் கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். போட்டுப் பார்த்துப் பார்த்துத்தான் தைக்க முடியும் என்பதால், மிஷின்தான் பெண்ணிடம் வர வேண்டும். முகூர்த்தம் ஏழரையோடு முடிகிறது.

நான் தயங்கினேன். அவர் கெஞ்சவில்லை, ஜாக்கெட்டை மடிக்கத் தெரியாமல் மடித்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

“குடுங்க சார், நான் எடுத்தாறேன்.”

கொடுக்கவில்லை. நானே சுமந்தேன்.

மணப்பெண் அறையில் ஏழெட்டுப் பெண்கள். அம்மா மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். தங்கை, பிளேடால் பக்கத் தையலைப் பிரிக்கத் தயாராக இருந்தாள். ஊக்கு குத்திச் சமாளிக்கலாம் என்றார் ஓர் அத்தை. நைட்டியின் மேல் துண்டும் பாதி பின்னிய ஜடையுமாக இருந்த மணப்பெண் திரும்பினாள்.

“ஊக்கு குத்திக்கினு மணவறைல உக்கார மாட்டேன் அத்தே. கையால தச்சாலும் மாலை போட கையத் தூக்கினா விட்டுடும்.” பிறகு அம்மாவிடம், “நீ அழுவாத. டெய்லரு உள்ள ரெண்டு விரல் துணி விட்டிருக்காரு, போதும்” என்றாள்.

ஒப்பனை செய்ய வந்தவரின் பெட்டியில் அரக்கு நூல் இருந்தது. மணப்பெண்ணே மிஷின் முன் தரையில் உட்கார்ந்தாள். மருதாணிக் கை ஒரு நிமிடத்தில் நூலைக் கோத்தது. முதலில் ஒரு பழைய துணியைக் கேட்டாள். நான் கைப்பிடியைச் சுற்றினேன். துணியில் எண்ணெய்க் கறை விழுந்தது, தையல் விழவில்லை. இன்னொரு முறை சுற்றினேன். வரிசையாக ஓட்டைகள் மட்டும்.

குனிந்து பார்த்தாள். “சார், இதுல இதுவரைக்கும் இன்னா தச்சிருக்கீங்க?”

“ஒன்றும் தைத்ததில்லை.”

“ஊசிய திருப்பிப் போட்டிருக்கீங்க.”

ஊசியின் மேல்பகுதியில் ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். அந்தப் பக்கம் எங்கே இருக்க வேண்டுமோ அதற்கு நேர் எதிரில் நான் மாட்டியிருந்தேன். இரண்டு ஆண்டுகளாக.

“இன்னா வேல பாக்குறீங்க?” என்று கேட்டார் அத்தை.

பத்திரிகையில் பிழை திருத்துகிறேன் என்றேன். அழுதுகொண்டிருந்த அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு அறையே சிரித்தது.

அவள் ஊசியைக் கழற்றித் திருப்பிப் போட்டாள். எண்ணெய் கசிந்த இடங்களையெல்லாம் துடைத்தாள். பழைய துணியில் நேர்த்தியாக ஒரு வரி விழுந்ததும்தான் பட்டைத் தொட்டாள். இரண்டு கைகளாலும் துணியைப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்ததால் சுற்றும் வேலை என்னுடையதாகவே இருந்தது.

“மெதுவா சார். மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ்ஸா ஓட்றீங்க? இப்ப நிறுத்துங்க. ம், சுத்துங்க.”

“மாப்ள வர்றதுக்குள்ளயே ஒருத்தர உக்கார வெச்சு வேல வாங்குறா பாரு” என்றார் அத்தை.

“மாப்ளைக்கு இன்னிலேர்ந்து டிரெயினிங் அத்தே.”

இரண்டு முறை போட்டுப் பார்த்து, இடப்பக்கம் மட்டும் மறுபடி பிரித்துத் தைத்தாள். ஆறு ஐம்பத்தைந்துக்கு ஜாக்கெட்டின் எல்லாக் கொக்கிகளும் மாட்டின. மறைப்புக்குப் பின்னாலிருந்து வந்தவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினாள். தையல் நின்றது. ஏழு பதினெட்டுக்குத் தாலி கட்டினார்கள். மாலை மாற்றும்போது மற்றவர்கள் முகத்தைப் பார்த்தார்கள். நான் பக்கத் தையலைப் பார்த்தேன்.

மிஷினை எடுக்க அறைக்குத் திரும்பினால், வாசலில் நான்கு பேர் நின்றார்கள். ஒரு குழந்தையின் ஓரம் பிரிந்த பாவாடை, இரண்டு ஜாக்கெட், கடைசியில் நாதஸ்வரக்காரர், கிழிந்த உறையோடு. தங்கை தைத்தாள், நான் சுற்றினேன். மூன்றாம் பந்தியில்தான் சாப்பிட உட்கார்ந்தேன். அம்மா தானே வந்து என் இலையில் இரண்டாவது ஜாங்கிரி வைத்துவிட்டுப் போனார்.

இரண்டு ஆண்டுகளாக நான் காப்பாற்றி வந்தது அதன் பளபளப்பை மட்டும்தான். அன்று காலை வரை எனக்கு அது தெரியாது. இப்போது யார் கேட்டாலும் கொடுக்கிறேன்; கூடவே ஒரு பழைய துணியும். பொன் நிறக் கொடிகளில் இரண்டு இடங்களில் கீறல் விழுந்திருக்கிறது.

இந்த வாரம் மிஷின் தளவானூரில் இருக்கிறது.